கணவர் அமெரிக்காவின் மிச்சிகனில், பிள்ளைகளும் நானும் கனடாவின் மார்க்கம் நகரில்: சைல்ட் பெனிஃபிட் காசைத் திருப்பிக் கட்ட வேண்டுமா?

கேள்வி:
வணக்கம். எங்களுக்கு நாலு வயதிலும் எட்டு வயதிலும் இரண்டு பிள்ளைகள். கணவர் 2024 ஜனவரியில் டிஎன் என்ற அமெரிக்க வேலை அனுமதியில் மிச்சிகனுக்கு வேலைக்குப் போனார். அங்கே வாடகைக்குச் சின்ன அப்பார்ட்மெண்ட் ஒன்று. இரண்டு கிழமைக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்துவிடுவார். 2024 வரியைச் செய்து தந்தவர், "அவர் அங்கே, நீங்கள் இங்கே, பிரிந்து வாழ்பவர் என்றே போடலாம். அவர் கனடாவில் வரி காட்டத் தேவையில்லை" என்றார். நம்பிக் கையெழுத்து வைத்தேன். என் வருமானம் 34,000 டொலர் மட்டும், அதனால் 2025 ஜூலையில் இருந்து சைல்ட் பெனிஃபிட், அதாவது பிள்ளைகளுக்காக அரசு தரும் மாதக் காசு, முழுத்தொகையும் வருகிறது, மாதம் 1,228 டொலர். இப்போது பிரிந்ததற்கு ஆதாரம் கேட்டு சிஆர்ஏ (கனடா வரித் திணைக்களம்) கடிதம் அனுப்பியிருக்கிறது. நாங்கள் பிரியவே இல்லை. கடிதத்தில் அந்தச் சொல்லைப் பார்த்ததில் இருந்து எனக்கு நித்திரை இல்லை.

பதில் 1:
தங்கச்சி, பயப்பட வேண்டாம். கனடாவுக்கு எடுக்கும் ஸ்பொன்சர் முடியும்வரை என் கணவர் யாழ்ப்பாணத்தில் இருந்தார். வருடாவருடம் சிடிபி9 படிவத்தில் அவருடைய வருமானத்தைக் கனடிய டொலரில் எழுதி அனுப்பினேன். ஒரு வருடம் மறந்தேன், காசு நின்றுவிட்டது. நீங்களும் அதையே நிரப்புங்கள்.

பதில் 2:
அக்காவின் நிலைமைக்கு அது சரி. அவருடைய கணவர் கனடாவில் குடியிருக்கவே இல்லை. ஆனால் தங்கச்சி, உங்கள் கணவரின் மனைவி, பிள்ளைகள், வீடு எல்லாம் மார்க்கத்தில். சிஆர்ஏ முதலில் பார்ப்பது இந்த மூன்றையும்தான். இரு நாட்டிலும் வீடு இருந்தால், வாழ்க்கையின் மையம் எங்கே என்று கனடா-அமெரிக்க வரி ஒப்பந்தம் கேட்கும். உங்கள் விஷயத்தில் அது கனடாப் பக்கமே சாயும். அப்படியானால் சிடிபி9 அல்ல, 2024க்கான கனடிய வரியையே அவர் காட்ட வேண்டும், அமெரிக்கச் சம்பளத்தையும் சேர்த்து. அங்கே கட்டிய வரிக்கு டி2209 என்ற வெளிநாட்டு வரிக் கழிவுப் படிவம் மூலம் கழிவு கிடைக்கும், அதே சம்பளத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்டுவதாக ஆகாது.

"பிரிந்து வாழ்பவர்" என்பதை உடனே திருத்துங்கள். உறவு முறிந்து 90 நாள் தனியே வாழ்ந்தால்தான் அந்தச் சொல். வேலைக்காகத் தூரத்தில் இருப்பது பிரிவு அல்ல. ஆர்சி65 படிவத்திலோ சிஆர்ஏயின் இணையக் கணக்கான மை அக்கவுண்டிலோ மாற்றலாம்.

காசு குறையும், அதை மறைக்க விரும்பவில்லை. 2025 ஜூலையில் தொடங்கிய வருடத்துக்கு, முழுத்தொகை குடும்ப வருமானம் 37,487 டொலர் வரைதான். அதற்கு மேல் இரண்டு பிள்ளைகளுக்கு டொலருக்கு 13.5 சதம் வெட்டுவார்கள், 81,222ஐத் தாண்டிய பகுதிக்கு 5.7 சதம். கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்பார்கள், ஆனால் தவணை கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, மிக்க நன்றி. அமெரிக்காவிலாவது பிள்ளைகளைக் காட்டி ஏதும் எடுக்கலாமா?

பதில் 2:
முடியாது. அங்கே 2025க்கு ஒரு பிள்ளைக்கு 2,200 டொலர் வரை வரிக் கழிவு இருக்கிறது. ஆனால் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாகவோ அங்கே குடியிருப்பவராகவோ இருந்து சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் வைத்திருக்க வேண்டும். கனடாவில் பிறந்து கனடாவிலேயே வளரும் உங்கள் பிள்ளைகளுக்கு அது இல்லை. யாராவது எடுத்துத் தருகிறேன் என்றால் இன்னொரு கையெழுத்து வைத்துவிடாதீர்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று சிஆர்ஏயுடன் பேசினேன். திருமணமானவர் என்று மாற்றிவிட்டேன், கணவரின் 2024 வரியையும் அனுப்பச் சொன்னார்கள். கூடுதலாக வந்ததை இனி வரும் காசில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்கக் கேட்டிருக்கிறேன். அவருடைய டபிள்யூ-2வில் (அமெரிக்கச் சம்பளச் சான்று) இருப்பதைக் கனடிய டொலருக்கு எந்த விலையில் மாற்றுவது?

பதில் 2:
கனடா வங்கியின் 2024 சராசரி, ஒரு அமெரிக்க டொலருக்கு 1.3698 கனடிய டொலர். வருடம் முழுக்க வந்த சம்பளம் என்பதால் அது போதும்.