பாக்ஸ் கிட்டார்ல பீஜோ பிக்கப் எந்த இடத்துல ஒட்டுறது?

கேள்வி:
மரப்பெட்டியில 3 கம்பி கிட்டார் செஞ்சிட்டு இருக்கேன், நெக் கட்டை பெட்டிக்குள்ள முழுசா ஓடுது. 27 மிமீ பீஜோ டிஸ்க் (அதிர்வை மின் சிக்னலா மாத்துற பித்தளை-செராமிக் தட்டு, இதுதான் பிக்கப்) ஒண்ணு இருக்கு. பிரிட்ஜுக்கு (மூடி மேல கம்பியைத் தாங்குற கட்டை) நேர் கீழயா, மூடி நடுவுலயா? பெட்டியில கை பட்டாலே டொக்குனு ஆம்ப்ல கேக்கும்னு சொல்றாங்களே?

பதில் 1:
உடனே ஒட்டிடாதீங்க ப்ரோ. முதல்ல டபுள் சைடு டேப்ல தற்காலிகமா வச்சு ஆம்ப்ல போட்டு கேளுங்க, ஒரு இன்ச் நகர்த்தினாலே சவுண்ட் மாறும். பிரிட்ஜுக்கு நேர் கீழ வச்சா அட்டாக் (கம்பியை மீட்டுற அந்த முதல் சத்தம்) நல்லா வரும் ஆனா கொஞ்சம் கீச்சுனு இருக்கும், மூடி நடுவுல பேஸ் ஜாஸ்தி, கூடவே ஃபீட்பேக்கும் (ஸ்பீக்கர் சத்தம் திரும்ப பிக்கப்புல ஏறி ஊளையிடுறது) கை படுற சத்தமும் ஜாஸ்தி, ஏன்னா அங்கதான் மூடி நல்லா அதிரும். எனக்குப் பிடிச்சது பிரிட்ஜுல இருந்து லேசா தள்ளி, பேஸ் கம்பி பக்கம்.

பதில் 2:
இடத்தை விட ஆம்ப் இன்புட்தான் முக்கியம்னு நான் சொல்வேன். பீஜோவுக்கு இம்பீடன்ஸ் (சிக்னலுக்கான மின் எதிர்ப்பு) ரொம்ப அதிகம், 1 மெகா ஓமாவது இல்லாத இன்புட்ல சொருகினா பேஸ் எல்லாம் காணாம போயி தகர டப்பா மாதிரி கேக்கும். சின்ன பஃபர் ப்ரீஆம்ப் (பீஜோவுக்கும் ஆம்புக்கும் நடுவுல இதைச் சரிபண்ற சர்க்யூட்) போடுங்க. இரைச்சல் புகாம உறை போட்ட ஷீல்டட் வயர் போடுங்க, கிரவுண்டு பித்தளை பக்கம். சால்டரிங் சீக்கிரம் முடிங்க, சூடு அதிகமானா செராமிக் போயிடும்.

கேட்டவர்:
நெக் கட்டைக்கும் மூடிக்கும் நடுவுல சொருகலாமா?

பதில் 1:
தாராளமா, கை படுற சத்தம் நல்லா குறையும். மெல்லிசா ஒரு கார்க் துண்டும் சேர்த்து வைங்க, ரொம்ப அழுத்தினா டிஸ்க் விரிசல் விடும்.