நாலு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் டிராம்போலின் வாங்கலாமா? மதுரைப் பக்கம் வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்

நாகமலை அம்மா:

எல்லாருக்கும் வணக்கம். எங்கள் வீடு நாகமலை புதுக்கோட்டையில். வீட்டுக்குப் பின்னால் 20 அடிக்கு 25 அடி இடம் சும்மா கிடக்கிறது, ஒரு ஓரத்தில் தென்னை, எதிர்ப்பக்கம் காம்பவுண்டுச் சுவர். பையனுக்கு 7 வயது, பொண்ணுக்கு 4. போன மாசம் ஒரு பிறந்தநாள் விழாவில் டிராம்போலினில், அதுதான் இரும்பு வளையத்தில் ஸ்பிரிங் போட்டு இழுத்துக் கட்டிய விரிப்பில், குதித்துவிட்டு வந்ததிலிருந்து இரண்டு பேருக்கும் வேறு பேச்சே இல்லை, கட்டிலிலும் சோபாவிலும் குதித்துக் குதித்து ஒரு கட்டில் பலகையே விரிந்துவிட்டது. வெயில் தாழ்ந்ததும் செல்போனைக் கீழே வைத்துவிட்டு வெளியே ஆடினால் நல்லதுதானே என்று வீட்டுக்காரரும் சரி என்கிறார். அத்தைக்குத்தான் மனசே இல்லை, பிள்ளைக்குக் கை கால் போனால் என்ன பண்ணுவாய் என்கிறார்கள்.

கடையில் கேட்டால் 8 அடி, 10 அடி இரண்டும் காட்டுகிறார்கள். 10 அடி 150 கிலோ தாங்கும், நாலு பிள்ளைகள் சேர்ந்தே குதிக்கலாம், சுற்றி வலை இருக்கிறது, பயமே வேண்டாம் என்கிறார் கடைக்காரர். சித்திரைத் திருவிழாவுக்கு நாத்தனார் பிள்ளைகளும் வந்துவிட்டால் வீட்டில் ஆறு உருப்படி, அதனால் பெரியதாகவே வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறேன். எந்த அளவு, வலை எப்படி இருக்க வேண்டும், எதைப் பார்த்து வாங்க வேண்டும், தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஒத்தக்கடை அப்பா:

எங்கள் வீட்டில் மூன்று வருசமாக 10 அடி இருக்கிறது, யானைமலையைப் பார்த்த மாதிரி திறந்த இடம். வாங்கும்போது எனக்கு யாரும் சொல்லாததை முதலில் சொல்லிவிடுகிறேன். டிராம்போலின் 10 அடி என்றால் 10 அடி இடம் போதும் என்று நினைக்கக் கூடாது, சுற்றிலும் இரண்டு மீட்டராவது, அதாவது ஆறரை அடி, ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும். 8 அடி வாங்கினாலே எட்டும் இரண்டு ஆறரையும் சேர்த்து 21 அடி ஆகிறது. உங்கள் இடத்தின் அகலமே 20 அடிதான், அதிலும் ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் மரம். 6 அடிதான் கணக்குக்கு ஒத்து வரும், அதுவும் தென்னை எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்து.

தென்னை விசயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அம்மா. மேலே 24 அடி வரை ஒன்றும் குறுக்கே இருக்கக் கூடாது என்று எங்கள் கையேட்டில் போட்டிருக்கிறது. மட்டையோ நெத்துக் காயோ விழுகிற இடத்தில் பிள்ளையை நிறுத்தவே மாட்டோம், குதிக்க விடுவோமா? மின்கம்பி போகிறதா, துணி காயப்போடும் கொடி இருக்கிறதா என்றும் அண்ணாந்து பாருங்கள். கீழே சிமெண்டுத் தளமோ பேவர் கல்லோ வேண்டாம், புல் அல்லது மணல், மட்டமாக இருக்க வேண்டும்.

அப்புறம் வெயில். நம்ம ஊரில் மே மாசம் கறுப்பு விரிப்பில் மத்தியானம் கை வைக்க முடியாது, சாயங்காலம் ஐந்தரைக்கு முன்னால் நான் யாரையும் ஏற விடுவதில்லை. வெயில் வலையையும் தின்றுவிடும். எங்கள் வலை பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இரண்டாவது வருசம் சும்மா கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், நூல் பொடிப்பொடியாக அறுந்தது. அதில் ஒரு பிள்ளை போய் மோதியிருந்தால் நேராக வெளியேதான். இப்போது மாசத்துக்கு ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்க்கிறேன். வலை, கம்பங்களுக்கு உள்பக்கமாக, ஸ்பிரிங்குக்கும் முன்னால் விரிப்பின் ஓரத்திலேயே வருகிற மாதிரி வாங்குங்கள், அப்போதுதான் பிள்ளை ஸ்பிரிங் மேலும் இரும்பு வளையத்தின் மேலும் விழாது.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள், வலை கட்டிய டிராம்போலின் பாய்மரம் மாதிரி. ஒரு ராத்திரி எங்களுடையது நகர்ந்து போய் வேலியில் சாய்ந்து கிடந்தது, நல்ல வேளை யாரும் பக்கத்தில் இல்லை. அதற்கப்புறம் காலுக்குக் கால் மணல் மூட்டை.

எலும்பு வார்டு செவிலி:

நான் மதுரையில் எலும்பு முறிவுப் பிரிவில் பதினோரு வருசமாக வேலை பார்க்கிறேன். நாகமலை அம்மா, அந்தக் கடைக்காரர் சொன்ன ஒரு வாக்கியம்தான் என்னை எழுத வைத்தது. 150 கிலோ என்பது இரும்புச் சட்டம் எவ்வளவு தாங்கும் என்ற கணக்கு, எத்தனை பிள்ளைகள் ஏறலாம் என்ற கணக்கு இல்லை. எத்தனை கிலோ தாங்கினாலும் ஒரு நேரத்தில் ஒரு பிள்ளைதான். ஐரோப்பாவில் வீட்டு டிராம்போலினுக்கு இருக்கும் இஎன் 71-14 தரத்தின்படி, ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் என்ற எச்சரிக்கையைப் பொருளிலேயே அச்சடிக்க வேண்டும்.

ஏன் என்று சொல்கிறேன். 7 வயசுப் பையனும் 4 வயசுப் பொண்ணும் சேர்ந்து குதிக்கிறார்கள் என்று வையுங்கள். பையன் விழும்போது விரிப்பு கீழே போய்த் திரும்ப மேலே அடித்துக்கொண்டு வரும். அதே நேரம் பொண்ணு கீழே இறங்கிக்கொண்டிருந்தால், அவள் காலுக்கு அது மெத்தை இல்லை, எதிரே வந்து இடிக்கிற தரை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே கணைக்கால் எலும்பின் மேல்பகுதி நசுங்கி மடங்கும். இந்த முறிவுக்கு டிராம்போலின் முறிவு என்றே பெயர், ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் வரும். பிள்ளை எங்கேயும் கீழே விழுந்திருக்காது, காயம் இருக்காது, வீக்கம்கூடப் பெரிதாக இருக்காது, காலை ஊன்ற மாட்டேன் என்று மட்டும் அழும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் தேய்த்து நீவிவிட்டு இரண்டு நாள் கழித்துத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து நீவாதீர்கள், குதித்த பிள்ளை நடக்க மறுத்தால் அன்றைக்கே எக்ஸ்ரே எடுங்கள்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2012-ல் வெளியிட்ட அறிக்கையில், நாலில் மூன்று காயங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் சேர்ந்து குதிக்கும்போதுதான் ஏற்படுகின்றன என்று இருக்கிறது. அப்படிச் சேர்ந்து குதிப்பவர்களில் எடை குறைந்த பிள்ளைக்கு அடிபடும் வாய்ப்பு 14 மடங்கு வரை கூடுதல். வீட்டில் டிராம்போலினே வேண்டாம் என்பதுதான் அவர்கள் நிலை. தயாரிப்பாளர்களுக்கான அமெரிக்கத் தரமே ஆறு வயதுக்குள் உள்ள பிள்ளைகளைப் பெரிய டிராம்போலினில் விட வேண்டாம் என்கிறது. உங்கள் அத்தை பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது அம்மா.

நாகமலை அம்மா:

படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. ஆனால் வலைதான் இருக்கிறதே, நானும் பக்கத்திலேயே நிற்பேன், ஒவ்வொருத்தராக ஏறச் சொன்னால் போதாதா?

எலும்பு வார்டு செவிலி:

வலை, பிள்ளை வெளியே விழுவதைத் தடுக்கும், அவ்வளவுதான். பெரும்பாலான காயங்கள் விரிப்பின் மேலேயே நடக்கின்றன, அதற்கு வலை ஒன்றும் செய்யாது. பெரியவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தபோதே மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் காயங்கள் நடந்திருப்பதாக அதே அறிக்கை சொல்கிறது. நிற்பது தப்பில்லை, அவசியம் நிற்க வேண்டும், ஆனால் வெறுமனே நின்றால் போதாது. இரண்டாவது பிள்ளை ஏறும்போதே இறக்கிவிட வேண்டும், குட்டிக்கரணம் போடப் போனால் அந்த நிமிசமே நிறுத்த வேண்டும். கழுத்தில் விழுந்து தண்டுவடம் பாதித்தால் திரும்பி வராது. திருவிழாவுக்கு ஆறு பிள்ளைகள் கூடியிருக்கும்போது, அடுப்படியில் வேலையும் கிடக்கும்போது, இதை யார் செய்வது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிப் பாருங்கள்.

ஏழு வயசுப் பையனுக்கு மட்டும் என்றால், ஒரு ஆள் விதியோடு, நான் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். குதித்து முடித்ததும் ஏணியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சின்னவள் தானாக ஏறிவிடுவாள்.

பட்டறைக்காரன்:

அக்கா, நான் அவனியாபுரத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன், இரண்டு மூன்று பள்ளிக்கூடத்து விளையாட்டுச் சாமான் எல்லாம் பழுது பார்த்திருக்கிறேன். வாங்குவதாக இருந்தால் இரும்பு எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். வெளியே மட்டும் பெயிண்ட் அடித்த குழாய் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும், மேலே பளபளவென்றுதான் இருக்கும், ஒரு நாள் கால் சேருகிற மூட்டில் முறியும். உள்ளேயும் வெளியேயும் துத்தநாகப் பூச்சு உள்ள குழாயா என்று கேளுங்கள், குழாயின் வாயைத் திறந்து பாருங்கள். ஸ்பிரிங் சும்மா கிடக்கும்போதே சுருளுக்கும் சுருளுக்கும் இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது இழுத்துப்போனது, மாற்ற வேண்டும். ஸ்பிரிங்கை மூடும் பஞ்சுப் பட்டை கெட்டியாக, வளையத்தையும் சேர்த்து மூடுகிற அகலத்தில் இருக்க வேண்டும், கம்பங்களுக்கும் பஞ்சு சுற்றியிருக்க வேண்டும்.

ஸ்பிரிங்கே இல்லாமல், விரிப்புக்குக் கீழே சாய்வாகக் கம்பிகள் வைத்த வகை ஒன்றும் உண்டு. நியூசிலாந்தில் கான்டர்பரி பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கீத் அலெக்சாண்டர் வடிவமைத்தது. இரும்பு வளையம் குதிக்கிற மட்டத்துக்குக் கீழே போய்விடுவதால் அதில் மோதி அடிபடுவது குறையும். விலை கூடுதல், இரண்டு பேர் சேர்ந்து குதித்தால் செவிலி அக்கா சொன்ன ஆபத்து அதிலும் அப்படியே இருக்கும்.

பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்காதீர்கள். குழி தோண்டித் தரை மட்டத்துக்குப் பதிக்கலாம் என்றும் சிலர் சொல்வார்கள், விழுகிற உயரம் குறையும் என்பது உண்மைதான், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் அந்தக் குழி கிணறு மாதிரி நிற்கும், கொசு சேரும், பாம்பும் குளிர்ச்சிக்கு வந்து படுக்கும். தண்ணீர் வடிய வழி செய்யாமல் தோண்ட வேண்டாம்.

மேலூர் பெரியம்மா:

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வந்தது, பேத்திக்கு அப்போது மூன்றரை. டிராம்போலினை விட்டுவிட்டு வேப்பமரத்தில் தாழ்வாக ஒரு ஊஞ்சல் கட்டி, அதைச் சுற்றி ஒரு அடி ஆழத்துக்கு மணல் கொட்டினோம். மணலில் திண்டிலிருந்து குதிப்பார்கள், புரளுவார்கள், வீடு கட்டுவார்கள், ஆறு பிள்ளைகள் வந்தாலும் ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுந்தாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. திண்டு முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். நாங்கள் சின்ன வயதில் வைக்கோல் போரில் ஏறிக் குதிப்போம், அந்தச் சுகம் இப்போதும் ஞாபகம் இருக்கிறது, தேள் கிடக்கும் என்று அம்மா கத்துவார்கள். குதிக்க ஆசைப்படுகிற பிள்ளையை உட்கார வைக்க முடியாது தாயி, குதிக்கிற இடத்தைத்தான் நாம் மாற்ற வேண்டும்.

நாகமலை அம்மா:

எல்லாருக்கும் நன்றி. நேற்று டேப் வைத்து அளந்தோம். தென்னையிலிருந்து தள்ளிப் போட்டால் 6 அடிகூடச் சுவரை ஒட்டித்தான் வருகிறது. செவிலி அக்கா எழுதியதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன், ஒன்றும் சொல்லவில்லை, என் பொண்ணைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்கள். பொண்ணுக்கு ஆறு முடிகிற வரைக்கும் டிராம்போலின் இல்லை என்று முடிவு பண்ணிவிட்டோம், பையனிடமும் நானே காரணத்தைச் சொன்னேன், கொஞ்சம் அழுதான். இப்போது மேலூர் பெரியம்மா சொன்ன மாதிரி மணல்தான். ஆற்று மணல் கிடைக்காது, எம்சாண்ட் பிள்ளைகளுக்குக் குத்தாதா? பக்கத்து வீட்டுப் பூனைகள் வேறு மூன்று இருக்கின்றன, மணலைக் கண்டால் விடுமா?

மேலூர் பெரியம்மா:

கட்டுமானத்துக்கு வருகிற எம்சாண்டில் முனை கூர்மையாக இருக்கும், தூசியும் அதிகம், பிள்ளைகளுக்கு வேண்டாம். விளையாட்டுத் திடலுக்குப் போடுகிற, கழுவிச் சலித்த உருண்டை மணல் இருக்கிறதா என்று விசாரியுங்கள், கையில் அள்ளித் தேய்த்துப் பார்த்து வாங்குங்கள். பூனைக்கு ஒரே வழி, ஆடி முடித்ததும் தார்ப்பாயைப் போட்டு மூடி நாலு மூலையிலும் செங்கல் வைப்பதுதான். காலையில் திறக்கும்போது ஒரு தடவை வாரியால் கிளறிவிட்டுப் பிள்ளைகளை இறக்குங்கள்.