கடற்கரை வீட்டில் அம்மாவின் ஓவியம், பிள்ளைகளின் கலை: இடம், நேரம், பொருள் எப்படி அமைக்கிறது?

மண்டபம்_நீர்வண்ணம் (கேள்வி)

மண்டபம் பக்கம், அலைச்சத்தம் கேக்கிற தூரத்துல வீடு. பனை ஓலைப் பெட்டி ஆர்டருக்குச் செய்றேன், நீர்வண்ண ஓவியம் என் சொந்த வேலை. மகளுக்கு 9 வயசு, மகனுக்கு 5. வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர், அதனால பெரும்பாலும் பிள்ளைகளோட நான் மட்டும்தான். ஒரே ஹால், ஒரே மேசை.

தெரிஞ்சுக்க வேண்டியது நாலு விஷயம். நான் பிரஷ் எடுத்தா ரெண்டு பேரும் வந்து உக்காந்துடுறாங்க. அவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தா என் வேலை நிக்குது, விரட்டினா அவங்க ஆசை போயிடுமோன்னு இருக்கு. இதை எப்படிப் பிரிக்கிறது? மகள் போன வருஷம் வரைக்கும் வரைஞ்சுக்கிட்டே இருந்தவ, இப்ப "எனக்கு வரைய வராது"ன்னு நிறுத்திட்டா, என்ன செய்யலாம்? நல்ல தாள் வாங்கி வச்சாலும் கொஞ்ச மாசத்துல வண்ணம் புள்ளி புள்ளியா உறிஞ்சுது, காரணம் என்ன? ஓலை வேலையைப் பிள்ளைகளுக்கு எதுலருந்து ஆரம்பிக்கிறது?

கீழக்கரை_ஓலை

தங்கச்சி, முதல்ல உங்க வேலையைப் பிரிங்க, பிள்ளைகளை அப்புறம் பாக்கலாம். நடுவுல எந்திரிச்சாலும் கெடாத வேலை ஒண்ணு, எந்திரிச்சாக் கெட்டுப்போற வேலை ஒண்ணு. பென்சில் கோடு, கட்டைவிரல் அளவு மாதிரிப் படம், எந்த வண்ணத்தோட எது சேரும்னு பட்டை போட்டுப் பாக்கிறது, தாளைப் பலகையில டேப் ஒட்டிப் பதிக்கிறது, ஓலையை அளவு பாத்துக் கட்டுறது எல்லாம் முதல் வகை. பிள்ளைக முழிச்சிருக்கிற நேரத்துக்கு இதை வைங்க. ஈர வண்ணம் பரப்புறது, பெட்டிக்கு மூலை திருப்புறது, சாயம் காய்ச்சுறது ரெண்டாவது வகை. இதுக்கு யாரும் கூப்பிடாத முக்கால் மணி நேரம் வேணும். விடிகாலையோ, பிள்ளைக தூங்கின பிறகோ வாரத்துல மூணு தடவை கிடைச்சாப் போதும். தினம் ஒரு மணி நேரம்னு தீர்மானம் போட்டா ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்துலயே அது உடையும், மனசும் விட்டுப்போகும். ஒவ்வொரு தடவை எந்திரிக்கும்போதும் அடுத்து என்ன செய்யணும்னு ஒரு சீட்டுல எழுதி வேலை மேலேயே வச்சிடுங்க. திரும்ப வந்து "எங்க விட்டோம்"னு தேடுறதுலதான் பாதி நேரம் போகும்.

பின்னல் பாதியில நிக்கும்போது நாலு மூலைக்கும் துணி கிளிப் போட்டு, பின்னாத நுனியை மட்டும் ஈரத்துணியில சுத்துங்க. ராத்திரி தாண்டி அப்படியே விடாதீங்க. நம்ம கடற்காத்துல ஈரம் இறங்காம ஓலையில கரும்புள்ளி விழும், அது தேய்ச்சாலும் போகாது. நாளைக்குத்தான் தொடுவோம்னா துணியை எடுத்துட்டுக் காய விட்டு, மறுநாள் நுனியை மறுபடி நனைங்க.

பிள்ளைகளுக்குன்னா, அஞ்சு வயசுக்காரனுக்குக் காத்தாடி. விரல் அகல ஓலைத்துண்டு, ஒரு சாண் நீளம். ரெண்டு நுனியையும் எதிரெதிர்ப் பக்கமா லேசா முறுக்கி, நடுவுல கருவேல முள்ளைக் குத்தி, ஒரு குச்சியில சொருகணும். முள்ளை நீங்க குத்திக் கொடுங்க. ரெண்டு நுனியும் ஒரே பக்கம் முறுக்கினா காத்தாடி சுத்தாது, துளை இறுக்கமா இருந்தாலும் சுத்தாது. ஏன் சுத்தலைன்னு அவனே கண்டுபிடிக்கட்டும், உடனே சரி பண்ணிக் கொடுக்காதீங்க.

ஒன்பது வயசுக்குச் சதுரப் பாய். ஒன்றரை சென்டிமீட்டர் அகலத்துல 12 பட்டை, ஒவ்வொண்ணும் 20 சென்டிமீட்டர். ஆறு சாயம் போட்டது, ஆறு வெள்ளை. ஒரே நிறத்துல கொடுத்தா எங்க மேல போச்சு, எங்க கீழ போச்சுன்னு பிள்ளைக்குத் தெரியாது. ஆறு பட்டையை ஓர் அட்டையில வரிசையா கிளிப் போட்டு, மத்த ஆறை ஒண்ணு விட்டு ஒண்ணு கோர்க்கச் சொல்லுங்க. ஒவ்வொரு வரிசையையும் விரல் நகத்தால நெருக்கித் தள்ளணும். ஓலையைத் தண்ணியில ஊறப் போடாதீங்க, அரை மணி நேரம் ஈரத்துணியில சுத்தி வச்சாப் போதும். ஊறின ஓலை உப்பி நிக்கும், அப்பப் பின்னுறது இறுக்கமாத் தெரியும், காஞ்சதும் சுருங்கி இடைவெளி விட்டுரும். அப்புறம் பிள்ளை தன் கை சரியில்லைன்னு நினைச்சுக்கும், அதான் வருத்தம். ஈர்க்கு உரிக்கிறதும் பட்டை கிழிக்கிறதும் உங்க வேலை. ஓலை விளிம்பு விரலை அறுக்கும், கொடுக்கும் முன்னாடி ஈரத்துணியால விளிம்போட ஒரு இழுப்பு இழுத்துடுங்க.

சாயப்பொடி காய்ச்சும்போது பிள்ளைக கிட்ட வரவே கூடாது. அவங்களுக்கு மஞ்சள் போதும். ஒரு லிட்டர் தண்ணிக்கு ரெண்டு மேசைக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு சின்னக் கரண்டி படிகாரம், அரை மணி நேரம் கொதி. வெயில்ல வெளுத்துரும், அதனால விக்கிற பெட்டிக்கு ஆகாது, விளையாட்டுக்கு நல்லது.

ராம்நாடு_ஓவிய_ஆசிரியர்

தாள் விஷயத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதில்தான் காசு வீணாகிறது. நீர்வண்ணத் தாளில் வண்ணம் உடனே உள்ளே இறங்காமல் இருக்க ஒரு பசைப் பூச்சு உண்டு. ஈரக்காற்றில் மாதக்கணக்கில் திறந்து கிடந்தால் அந்தப் பூச்சு அங்கங்கே செத்துப்போகும். அந்த இடங்கள் மட்டும் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும், அதுதான் உங்கள் புள்ளிகள். கெட்ட தாளைச் சரிசெய்ய முயல வேண்டாம், பிள்ளைகளின் மெழுகு வண்ணத்துக்குக் கொடுத்துவிடுங்கள். புதிய தாளை வாங்கிய அன்றே ஜிப் பையில் காற்றை வெளியேற்றி மூடி, உள்ளே இரண்டு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். நீல நிற ஜெல் வேண்டாம், அதில் கோபால்ட் உப்பு இருக்கும், குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஆகாது. பையைத் தரைக்கு அருகிலோ வெளிச்சுவரை ஒட்டியோ வைக்காமல் உள்அறை அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பெரிய கட்டாக வாங்குவதைவிட மூன்று மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே இந்தக் கரையில் லாபம்.

அடுத்தது தண்ணீர். கடலோரப் போர்த்தண்ணீர் பெரும்பாலும் உவர்ப்பு. அதில் வரைந்தால் வண்ணத்துகள்கள் திரண்டு மணல்மணலாக நிற்கும், காய்ந்தபின் வெள்ளைப் பூப்பு தெரியும், மழைக்காலத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். குடிதண்ணீரில் வரையுங்கள். பிரஷ் அலச ஒரு டம்ளர், வண்ணம் கலக்க அரை டம்ளர், அதற்கு மேல் தேவையில்லை.

இதே உப்பைப் பிள்ளைகளுக்குப் பாடமாக்கலாம். தாளில் நீல வண்ணத்தை ஈரமாகப் பரப்பி, பளபளப்பு அடங்கத் தொடங்கும் நேரத்தில் நான்கைந்து கல் உப்பு தூவுங்கள். ஒவ்வொரு கல்லும் சுற்றியுள்ள நீரை இழுத்து நட்சத்திரம் போன்ற தடம் விடும். மிக ஈரமாக இருக்கும்போது போட்டால் உப்பு கரைந்துபோகும், காய்ந்தபின் போட்டால் ஒன்றும் நடக்காது. நன்றாகக் காய்ந்ததும் உப்பை உதறிவிட வேண்டும். அந்தத் தாளை உங்கள் நல்ல தாளோடு ஒரே பையில் வைக்காதீர்கள்.

ஐப்பசி, கார்த்திகையில் முதல் பூச்சு காய நேரமாகும். மேலே பார்த்தால் காய்ந்ததுபோல இருக்கும். புறங்கையை வைத்துப் பாருங்கள், குளிர்ச்சியாக இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். அந்த நிலையில் இரண்டாம் பூச்சு போட்டால் விளிம்பு பிய்ந்த கறை விழும். வண்ணக்கட்டிப் பெட்டியை ஈரத்தோடு மூடினால் பூஞ்சை வரும், திறந்து மின்விசிறிக் காற்றில் உலர்த்திய பிறகே மூட வேண்டும்.

மகள் நிறுத்தியதைப் பற்றிக் கவலை வேண்டாம், ஆனால் சும்மா விடவும் வேண்டாம். எட்டு, ஒன்பது வயதுக்கு மேல் பிள்ளைகளின் கண் கையைவிட வேகமாக முன்னே போய்விடும். தான் வரைந்தது உண்மைப் பொருள்போல் இல்லை என்று தெரிகிறது, எப்படிச் சரிசெய்வது என்று தெரியவில்லை. "நல்லாத்தானே இருக்கு" என்று பாராட்டினால் நம்ப மாட்டாள். பார்க்கும் பயிற்சியைக் கொடுங்கள். நண்டு ஓடு, வலை மிதவை, சங்கு, ஏதாவது ஒன்றை எதிரே வைத்து, தாளைப் பார்க்காமல் பொருளின் விளிம்பில் கண்ணை மெதுவாக ஓட்டியபடி மூன்று நிமிடம் ஒரே கோட்டில் வரையச் சொல்லுங்கள். படம் கோணலாகத்தான் வரும், யாருக்கும் அப்படித்தான் வரும், அதனால் தோல்வி பயம் இல்லை. பிறகு தாளைப் பார்த்து ஒரு முறை. அதன் பிறகு, பொருளை விட்டுவிட்டு அதைச் சுற்றியுள்ள வெற்றிடத்தின் வடிவத்தை மட்டும் ஒரு முறை. வாரம் மூன்று நாள், 20 நிமிடம். அழிப்பான் மேசையில் இருக்கக் கூடாது. அவள் தாளில் உங்கள் கையால் ஒரு கோடுகூட வேண்டாம், காட்ட வேண்டியதைத் தனித்தாளில் காட்டுங்கள். இதை அழுத்திச் சொல்வேன். தாய் திருத்திய படத்தைப் பிள்ளை தன்னுடையதாக நினைப்பதே இல்லை.

தூரத்தில் சிறுத்துப்போகும் அளவைச் சொல்லிக்கொடுக்கப் பாம்பன் கரையைவிட நல்ல இடம் கிடையாது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தின் தூண்கள் வரிசையாகச் சிறுத்துப்போகும், நடுவே 72.5 மீட்டர் நீளத் தூக்குப்பகுதி மட்டும் எழும்பி நிற்கும். பென்சிலை நீட்டிப் பிடித்துக் கட்டைவிரலால் தூண் உயரத்தை அளந்து குறிக்கச் சொல்லுங்கள். முழங்கை மடங்கினால் அளவு மாறிவிடும், அதை மட்டும் கவனியுங்கள்.

ஒரு விடுமுறை நாளில் ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாச மண்டபத்துக்கும் கூட்டிப்போங்கள். 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்துச் சேதுபதி மன்னர் கால ஓவியங்கள் சுவர் நிறைய இருக்கின்றன, அரசவை, போர், ராமாயணம் எல்லாம். எல்லாவற்றையும் காட்டி அலுப்பூட்டாமல், ஒரு குதிரை அல்லது ஒரு விளிம்புப் பூவேலை, அதை மட்டும் பென்சிலில் எடுக்கட்டும். சுவரைத் தொடக் கூடாது, வண்ணம் உள்ளே கொண்டுபோக வேண்டாம்.

வகுப்பு தேவைப்பட்டால், மாவட்ட ஜவகர் சிறுவர் மன்றத்தில் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்களுக்கு ஓவியம், இசை, நடனம் கற்றுத் தருகிறார்கள், விசாரியுங்கள். அரசுப் பள்ளியில் படித்தால் கலைத் திருவிழா என்ற கலைப் போட்டியும் இருக்கிறது. போட்டிக்காக ஒரே படத்தை மனப்பாடமாக வரைய வைப்பது மட்டும் வேண்டாம்.

தங்கச்சிமடம்_அம்மா

ஒரே மேசைங்கிறதை மாத்துங்க அக்கா. மேசை உங்களுக்கு, பிள்ளைகளுக்குப் பக்கத்துலயே தரையில பாய். பழைய பேனர் துணியை அடியில விரிச்சா வண்ணம் தரையில ஒட்டாது. ஒரு தட்டுல தாள், தடிமனான 10ஆம் நம்பர் பிரஷ், ரெண்டே வண்ணம். மகனுக்கு மூணு, நாலு வண்ணம் ஒண்ணாக் கொடுத்தா பத்து நிமிஷத்துல எல்லாம் கலந்து சேறு மாதிரி ஆயிடும், சலிச்சு உங்க மேசைக்கு வந்துருவான். இன்னைக்கு மஞ்சளும் நீலமும், நாளைக்கு மஞ்சளும் சிவப்பும். உங்க பிரஷ்ஷும் தாளும் அவங்க தொடாத பொருள், அவங்க தட்டை நீங்க கேக்காம எடுக்க மாட்டீங்க. ரெண்டு பக்கமும் ஒரே சட்டம் இருந்தாத்தான் அஞ்சு வயசுப் பிள்ளை அதை ஏத்துக்கும். அவன் அந்தத் தட்டோட 15 நிமிஷம் இருந்தாலே பெருசு, அதைக் கணக்கு வச்சு உங்க வேலையைத் திட்டம் போடுங்க.

பெரிய ஓவியத்தை மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்குங்க. ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் விசைப்படகு போகாது, பள்ளி விடுமுறையும் அதோட சேர்ந்துக்குது. காசு முடை இருக்கும், ஆனா வீட்டுக்காரர் கரையில இருப்பார். காலையில ரெண்டு மணி நேரம் பிள்ளைகளை அவர் பொறுப்புல விடுங்க. வலை சரிபண்ற இடத்துல மகளை உக்கார வச்சு ஊசி பிடிச்சு முடிச்சுப் போடக் கத்துக்கொடுக்கச் சொல்லுங்க. கண்ணி ஒரே அளவு வர்றதுக்கு அளவுகட்டை வச்சுப் பின்னுறது அருமையான கைப்பயிற்சி, அதுவும் கலைதான். வேலைக்குக் காலை நேரமே எடுங்க. கச்சான் (தென்மேற்குக் காத்து) வீசுற மாசங்கள்ல மதியத்துக்கு மேல ஜன்னல் வழியா மணல் வந்து ஈர வண்ணத்துல ஒட்டும்.

ஒண்ணு முக்கியம். கடற்கரையில பொறுக்கினதை வச்சு பொம்மை செய்றதுன்னா பவளப்பாறைத் துண்டு, கடல் விசிறி, கடல்குதிரை எதையும் எடுக்க விடாதீங்க, செத்துக் கரை ஒதுங்கினதா இருந்தாலும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். சில பெரிய சங்கு வகைகளுக்கும் இதே தடை இருக்கு. மன்னார் வளைகுடா 1986லருந்து தேசியப் பூங்கா, அதுக்குள்ள இருக்கிற 21 தீவுலருந்து எதையுமே எடுக்கக் கூடாது. சமையலுக்கு வாங்கின மட்டி ஓடு போதும். பத்து நிமிஷம் கொதிக்க வச்சு, பழைய பல் பிரஷ்ஷால தேய்ச்சு, ரெண்டு நாள் வெயில்ல போடுங்க. உள்ளே தசை ஒட்டியிருந்தா நாத்தமும் எறும்பும் வரும். அதுமேல போஸ்டர் கலர் நல்லா நிக்கும்.

மண்டபம்_நீர்வண்ணம்

லாத்தா (அக்கா), சார், தங்கச்சி, மூணு பேருக்கும் நன்றி. பாய் விரிக்கிறதை இன்னைக்கே செஞ்சுடுறேன். ரெண்டு சந்தேகம். சிலிக்கா ஜெல் எத்தனை நாள் தாங்கும்? பிள்ளைக வரைஞ்சது குவியுது, ஈரத்துல ஒட்டிக்குது, எதை வச்சுக்கிறது?

ராம்நாடு_ஓவிய_ஆசிரியர்

மழைக்காலத்தில் மாதம் ஒரு முறை மாற்றுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் வாங்கினால் ஈரம் ஏறியதும் நிறம் மாறிக் காட்டும். உதிரி ஜெல்லைப் பழைய தட்டில் கொட்டி மிகச் சிறு தீயில் பழைய நிறம் திரும்பும்வரை வறுத்து, ஆறியதும் போடலாம். அந்தத் தட்டைச் சமையலுக்குத் திருப்ப வேண்டாம். காகிதப் பொட்டலமாக இருந்தால் வறுக்காமல் புதிதாக மாற்றிவிடுங்கள்.

படங்களை மாதக் கடைசியில் பிள்ளைகளையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள், ஆளுக்கு இரண்டு. பின்பக்கம் தேதி, வயது, அவர்கள் அந்தப் படத்தைப் பற்றிச் சொன்ன ஒரு வரி, பென்சிலில். மற்றதைக் கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு, பின்பக்கத்தை அடுத்த மாதம் வரையக் கொடுத்துவிடலாம். போஸ்டர் கலர் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டும், இடையில் பட்டர் பேப்பர் வைத்து நிற்கவைத்து அடுக்குங்கள், படுக்கவைத்துப் பாரம் ஏற்றாதீர்கள்.

கீழக்கரை_ஓலை

அந்தப் படங்களை நிறுத்தி வைக்கிற உறையை மகளையே ஓலையில பின்னச் சொல்லுங்க, சதுரப் பாய் கை வந்த பிறகு. ஒரு அடிக்கு ஒன்றரை அடியில ரெண்டு பாய், மூணு பக்கம் தடிச்ச நூல்ல ஓரம் தைச்சாப் போதும். பின்னி முடிச்சதும் ஒரு நாள் நிழல்ல காய விட்டு, அப்புறம்தான் தாளை உள்ள வைக்கணும்.