கொரியப் போர்நிறுத்தப் பேச்சு இரண்டு ஆண்டுகள் இழுத்தது ஏன்?

நீலவானம் (கேள்வி):

வணக்கம். 1950 ஜூன் 25ஆம் நாள் கொரியப் போர் தொடங்கியது. ஒரு பக்கம் வடகொரியாவும் பின்னர் அதனுடன் சேர்ந்த சீனாவும், மறுபக்கம் தென்கொரியாவும் அமெரிக்கா தலைமையிலான ஐ.நா. படையும் மோதின. முதல் ஓராண்டுக்குள் சியோல் நகரம் நான்கு முறை கைமாறியது. 1951 கோடையில் பார்த்தால், போர் எங்கே தொடங்கியதோ அந்த, இரு கொரியாக்களையும் பிரித்த 38ஆம் அட்சக்கோட்டின் அருகிலேயே இரு படைகளும் முட்டிக்கொண்டு நின்றன. இனி முழு வெற்றி யாருக்கும் இல்லை என்பது இரு தரப்புக்கும் தெரிந்ததால்தான் 1951 ஜூலை 10இல் கேசாங்கில் பேச்சு தொடங்கியது. ஆனால் கையெழுத்தானதோ 1953 ஜூலை 27இல். எல்லைக்கோடு பற்றி 1951 நவம்பரிலேயே ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்றும் படித்தேன். நிலத்தகராறு தீர்ந்த பிறகும் பேச்சு ஏன் முடியவில்லை? வெறும் பிடிவாதம் என்று சொல்வது போதுமான விடையாக எனக்குத் தோன்றவில்லை.

பழையஏடு:

மேசையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஐ.நா. தரப்பில் அமெரிக்கக் கடற்படையின் வைஸ் அட்மிரல் டர்னர் ஜாய், எதிர்ப்பக்கம் வடகொரிய ஜெனரல் நாம் இல் என்று இரு பக்கத்திலும் படைத்தளபதிகள்தாம் பேசினார்கள். மக்கள் சீனத்தை அமெரிக்கா அரசாகவே ஏற்கவில்லை. சீனாவும் தன் படையினரை 'தன்னார்வலர்கள்' என்றுதான் அழைத்தது. ஆகவே அரசுகள் நேருக்கு நேர் பேசினால் எழும் அங்கீகாரச் சிக்கலைத் தவிர்க்க, இது படைகளுக்கு இடையிலான பேச்சு மட்டுமே என்று வைத்துக்கொண்டார்கள். பேச்சு தொடங்க இது வழி செய்தது உண்மை. ஆனால் கொரியாவை யார் ஆள்வது என்ற அடிப்படைக் கேள்வியைத் தொடும் அதிகாரம் அந்த மேசையில் எவருக்கும் இல்லாமல் போனது.

இதோடு மானப் பிரச்சினையும் சேர்ந்துகொண்டது. ஐ.நா. குழு வெள்ளைக்கொடி கட்டிய வாகனங்களில் வந்ததைச் சரணடைய வருபவர்களைப் போலப் படம்பிடித்துக் காட்டினார்கள். ஜாய்க்குத் தாழ்வான நாற்காலியைப் போட்டுவிட்டு, எதிரே நாம் இல் உயரமான நாற்காலியில் அமர்ந்தார். மேசையில் ஐ.நா. தரப்பு ஒரு சிறு கொடியை வைத்ததும், மறுதரப்பு அதைவிடப் பெரிய கொடியைக் கொண்டுவந்து வைத்தது. 38ஆம் அட்சக்கோடே எல்லை என்று வடகொரியர்களும் சீனர்களும் நின்றார்கள். வானிலும் கடலிலும் தங்களுக்குள்ள வலிமைக்கு ஈடாக, படைகள் நிற்கும் இடத்துக்கும் வடக்கே கோடு வேண்டும் என்று அமெரிக்கர்கள் கேட்டார்கள். ஆகஸ்ட் 10ஆம் நாள் இரு குழுக்களும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி 2 மணி 11 நிமிடங்கள் ஒரு சொல்லும் பேசாமல் உட்கார்ந்திருந்தன. இத்தனைக்கும் பிறகு, பேச்சு பான்முன்ஜோமுக்கு மாறியதும், படைகள் தொட்டு நிற்கும் இடமே கோடு என்று நவம்பர் 27இல் முடிவாயிற்று. ஆக நிலத்துக்குச் செலவானது நாலரை மாதந்தான்.

தாழம்பூ:

மீதிக் காலத்தை விழுங்கியது போர்க்கைதிகள் விவகாரம். 1951 டிசம்பரில் இரு தரப்பும் பெயர்ப்பட்டியல்களைப் பரிமாறிக்கொண்டபோது ஐ.நா. தரப்பின் பட்டியலில் ஏறக்குறைய 1,32,000 பேர் இருந்தார்கள். எதிர்த்தரப்பு காட்டியதோ 11,559 பேர் மட்டுமே. போர் முடிந்ததும் கைதிகளைத் தாமதமின்றி விடுவித்துத் தாயகம் அனுப்ப வேண்டும் என்று 1949 ஜெனீவா உடன்படிக்கையின் 118ஆம் பிரிவு சொல்கிறது. சீனாவும் வடகொரியாவும் அதைத்தான் கேட்டன. சட்டத்தின் எழுத்துப்படி அவர்கள் பக்கமே வலுவாக இருந்தது. ஆனால் கைதிகளில் பலர் முன்பு சீனக் கம்யூனிஸ்டுகளின் எதிரியான சியாங் கை ஷேக்கின் படையில் இருந்த சீனர்கள். வடகொரியப் படையில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட தென்கொரியர்களும் இருந்தார்கள். 1945இல் சோவியத் கைதிகளை அவர்கள் விருப்பத்துக்கு மாறாக ஸ்டாலினிடம் ஒப்படைத்த நினைவு மேற்குநாடுகளில் ஆறவில்லை. விரும்பாதவரை அனுப்ப மாட்டோம் என்று அமெரிக்க அதிபர் ட்ரூமன் உறுதியாக நின்றார்.

கேட்க நியாயமாக இருந்தாலும் அதை நடைமுறைப்படுத்திய விதம் அவ்வளவு சுத்தமானதல்ல. ஐ.நா. தரப்பு கைதிகளை வைத்திருந்த தென்கொரியாவின் கோஜே தீவு முகாம்களில் உள்ளே ஆட்சி நடத்தியது கைதிகளின் கும்பல்கள்தாம். கம்யூனிஸ்டுகள் வலுவாக இருந்த பகுதியில் ஒருவகை மிரட்டல் என்றால், எதிர்ப்பாளர்கள் வலுவாக இருந்த பகுதியில் திரும்பிப் போகவே முடியாதபடி கைதிகளின் உடலில் கம்யூனிச எதிர்ப்பு வாசகங்களைப் பச்சைகுத்தினார்கள். அந்தச் சூழலில் 1952 ஏப்ரலில் ஒவ்வொருவரிடமும் 'திரும்பிப் போவாயா?' என்று கேட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான், ஏறத்தாழ 1,16,000 பேர் திரும்புவார்கள் என்று மறுதரப்பிடம் மதிப்பீடு சொல்லியிருந்தார்கள். விசாரணைக்குப் பின் வந்த எண் சுமார் 70,000. தங்கள் வீரர்களில் இத்தனை பேர் வீடு திரும்ப மறுக்கிறார்கள் என்பதை ஒரு புரட்சி அரசு எப்படி ஒப்புக்கொள்ளும்? நிலத்தை இழந்தால் வரைபடத்தில் ஈடுகட்டிப் பேசலாம். இதற்கு அப்படி ஈடு ஏதும் இல்லை. மே மாதம் கோஜே முகாமின் தளபதி ஜெனரல் டாட்டையே கைதிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள். அக்டோபரில் பேச்சு காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

மலைமுகடு:

தாழம்பூ சொன்னவற்றை ஏற்கிறேன்; ஆனால் கோட்டைப் பற்றிய உடன்பாடு முன்கூட்டியே வந்தது நன்மை என்பதுபோன்ற தொனி பழையஏட்டின் பதிலில் தெரிகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. 30 நாளில் மற்ற விஷயங்கள் முடிந்தால் இதுவே கோடு என்று நவம்பரில் எழுதிக்கொண்டபின், சில மைல் நிலத்துக்காகப் பெரிய தாக்குதல் நடத்தும் முனைப்பு ஐ.நா. தரப்பிடம் குறைந்தது. எதிரிமீது இருந்த நெருக்கடியை நாமே தளர்த்திவிட்டோம் என்பது ஜாயின் பிற்காலக் குறை. 30 நாள் கெடு டிசம்பரில் காலாவதியானது. குன்றுகளுக்கான சண்டையோ ஓயவேயில்லை. அமெரிக்கத் தரப்பு இழப்புகளில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு பேச்சு தொடங்கிய பிறகு நேர்ந்தது.

மற்றொன்று: மேசையில் முடிவெடுக்கும் உரிமை இல்லாமலே மேசையைக் கவிழ்க்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். கொரியா முழுவதையும் இணைக்காத எந்த நிறுத்தத்தையும் தென்கொரிய அதிபர் சிங்மன் ரீ ஏற்கவில்லை. 1953 மார்ச்சில் ஸ்டாலின் இறந்தார். அம்மாதமே சீனா இறங்கிவந்து, ஜூன் 8இல் கைதிகள் பற்றிய உடன்பாடு கையெழுத்தானது. பத்தே நாளில், ஜூன் 18இல், சுமார் 27,000 கொரியக் கைதிகளை ரீ முகாம்களிலிருந்து வெளியே விட்டார். அதற்குப் பதிலடியாக ஜூலையில் சீனப் படை தென்கொரியப் பிரிவுகள்மீது பெருந்தாக்குதல் நடத்தியது. பாதுகாப்பு ஒப்பந்தம், பொருளுதவி, படை விரிவாக்கம் என்று அமெரிக்கா வாக்களித்த பிறகே, 'கையெழுத்திட மாட்டேன், ஆனால் தடுக்கவும் மாட்டேன்' என்ற நிலைக்கு ரீ வந்தார். போர்நிறுத்த ஆவணத்தில் தென்கொரியாவின் கையெழுத்து இல்லாதது இதனால்தான்.

நீலவானம்:

மூவருக்கும் மிக்க நன்றி. திரும்ப மறுத்த கைதிகளை இந்தியப் படை காவல் காத்ததாக எங்கோ படித்த நினைவு. அது இந்த உடன்பாட்டின் பகுதிதானா?

தாழம்பூ:

ஆம், அதுவே முடிச்சை அவிழ்த்த வழி. 1952 டிசம்பரில் கிருஷ்ண மேனன் முன்னின்று கொண்டுவந்த இந்தியத் தீர்மானம் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேறியது. கைதிகளைப் பலவந்தமாக அனுப்பவும் கூடாது, அனுப்பாமல் தடுக்கவும் கூடாது, நடுநிலை நாடுகளின் ஆணையம் ஒன்று அவர்களைப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் சாரம். சோவியத் ஒன்றியம் அதை எதிர்த்தது. சீனாவும் அப்போது நிராகரித்தது. ஆனால் 1953இல் ஏற்கப்பட்ட ஏற்பாடு பெரிதும் அதன் சாயலிலேயே இருந்தது. ஆணையத்துக்கு இந்தியாவின் ஜெனரல் திம்மையா தலைவர்; இந்தியக் காவல் படைக்கு மேஜர் ஜெனரல் தோரட். தென்கொரிய மண்ணில் இந்திய வீரர் கால்வைக்கக் கூடாது என்று ரீ முரண்டு பிடித்ததால், கப்பலிலிருந்து ஹெலிகாப்டரில் ஏற்றி, இரு தரப்புக்கும் இடையே படைகள் விலக்கப்பட்ட பகுதியில் இறக்கினார்கள். திரும்ப மறுத்த 22,000க்கும் மேற்பட்டோரில் ஒரு பகுதியினரிடம் மட்டும் அவரவர் நாட்டுப் பிரதிநிதிகள் வந்து விளக்கிப் பேசினார்கள். மனம் மாறியவர்கள் மிகச் சிலரே. சீனர்களில் மிகப் பெரும்பாலோர் தைவானுக்குப் போனார்கள்.

பழையஏடு:

ஒரு சிறு சேர்க்கை. போர்நிறுத்த ஆவணத்தின் 60ஆம் பத்தி, அரசியல் தீர்வுக்காக மூன்று மாதத்துக்குள் மேல்நிலை மாநாடு கூட்டப் பரிந்துரைத்தது. அது 1954 ஏப்ரலில்தான் ஜெனீவாவில் கூடியது. கொரியா பற்றி ஜூன் 15 வரை பேசியும் ஒன்றும் தேறவில்லை. கொரியப் போருக்குச் சமாதான ஒப்பந்தம் இன்றுவரை எழுதப்படவில்லை. நடப்பில் இருப்பது தளபதிகள் கையெழுத்திட்ட அந்த 1953 ஆவணமே.