ஜாமிங்: நெரிசலா, முடக்கமா?

ஐயா, வணக்கம். துகள்கள் ஒவ்வொன்றாகக் கண்டபடி விழுந்து ஒட்டும் மாதிரிக்கு (random sequential adsorption) நாம் போடும் கலைச்சொற்பட்டியல் பற்றிய உங்கள் கேள்விகளுக்கு என் பதில் இது. அந்த மாதிரியில் இனி ஒரு துகளுக்கும் இடமில்லாமல் நின்றுவிடும் நிலையைத்தான் ஜாமிங் (jamming) என்கிறார்கள்.

> ஜாமிங்குக்கு 'நெரிசல்' போதுமே. போக்குவரத்து நெரிசல் என்று ஏற்கெனவே புழங்குகிற சொல்தானே?

புழங்குகிற சொல் என்பதால்தான் தயங்குகிறேன். நெரிசல் என்றதும் மதுரைக்காரனுக்கு அழகர் ஆற்றில் இறங்கும் நாள்தான் நினைவுக்கு வரும். தோளோடு தோள் இடிக்கும், இம்மி இடம் இருக்காது. நாம் பெயர் தேடுகிற நிலையோ நேர்மாறானது. இங்கே இடம் நிறையவே மிஞ்சிக் கிடக்கும், ஆனால் எதற்கும் ஆகாது.

1958இல் ஹங்கேரியக் கணிதவியலாளர் ரெய்னி ஆராய்ந்தது கார் நிறுத்தும் கணக்கு என்பதால் அதையே எடுத்துக்கொள்வோம். முகூர்த்த நாளில் தல்லாகுளம் பக்கம் ஒரு மண்டபத் தெரு. தரையில் கோடு கிடையாது. வருகிறவர் கண்ட இடத்தில் காரை விட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விடுகிறார், இனி அதை நகர்த்த ஆளில்லை. இரண்டு காருக்கு நடுவே முக்கால் கார் நீளம், அங்கே அரைக் கார் நீளம் என்று இடைவெளிகள் விழும். எந்த இடைவெளியும் ஒரு கார் நீளத்தை எட்டாத நிலை வந்ததும் ஆட்டம் முடிந்தது. நீளமான தெருவென்றால் அப்போது நிரம்பியிருப்பது சராசரியாக 74.76 விழுக்காடுதான். கால்வாசித் தெரு சும்மா கிடக்கிறது! (நிஜத்தில் அந்தச் சந்தில் ஒரு பைக்கைச் செருகிவிடுவார்கள். கணக்கில் எல்லாத் துகளும் ஒரே அளவு.)

தளத்தில் வட்டத் தட்டுகளைப் போட்டால் நிலைமை இன்னும் மோசம். ஒரு தட்டின் மையத்திலிருந்து ஒரு விட்டத் தொலைவுக்குள் இன்னொன்றின் மையம் வர முடியாது. அதாவது ஒவ்வொன்றும் தன் பரப்பைப் போல் நான்கு மடங்கை அடைத்துக்கொள்கிறது. இந்த விலக்குப் பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால் ஓரளவு தப்பிக்கிறோம். அப்படியும் ஏறக்குறைய 54.7 விழுக்காட்டில் நின்றுவிடும். அதே தட்டுகளைத் தேன்கூட்டு ஒழுங்கில் அடுக்கினால் 90.69 வரை போகலாம். ஒட்டியது ஒட்டியதுதான், நகராது, கழலாது என்ற விதிதான் இத்தனை இடத்தையும் வீணடிக்கிறது.

இதைச் சொல்ல நம்மிடம் சொல் இருக்கிறது. "பணம் முடங்கிப்போச்சு" என்கிறோம் இல்லையா? பணம் காணாமல் போகவில்லை, கைக்கு உதவவில்லை, அவ்வளவுதான். இங்கே முடங்குவது இடம். ஆகவே முடக்கம், முடக்க நிலை, முடக்க வரம்பு. பொதுமுடக்கம் நினைவுக்கு வருமே என்பீர்கள். வரட்டும், அது ஒருநாள் தளர்ந்தது, இது தளராது.

நெரிசலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. புனலில் கொட்டிய தானியம் ஒன்றையொன்று தாங்கி வாயை அடைத்துக்கொள்கிறதே, அதையும் ஆங்கிலத்தில் ஜாமிங் என்றுதான் சொல்கிறார்கள். அங்கே துகளுக்குத் துகள் அழுத்தம் உண்டு. நெரிசலை அதற்கு வைத்துக்கொள்வோம்.

> மாதிரியின் முழுப் பெயருக்கு 'சமவாய்ப்பு வரிசைப் பரப்புக்கவர்தல்' எப்படி?

வரிசை வேண்டாம். யாரோ ஒழுங்காக அடுக்கியதுபோல் தொனிக்கிறது. 'அடுத்தடுத்த' என்றால் காலம் மட்டும் புரியும். பாடநூலில் adsorption என்பதற்குப் பரப்புக்கவர்தல் இருப்பது தெரியும், ஆனால் இந்த மாதிரியில் கவர்ச்சி விசை எதுவும் கணக்கில் வருவதில்லை. விழுகிறது, இடம் இருந்தால் ஒட்டுகிறது, இல்லாவிட்டால் திரும்பிப் போகிறது. படிதல் என்றால் அடுக்கடுக்காக வண்டல் சேர்வது போலாகிவிடும், இங்கே ஓரடுக்குதான். ஆகவே ஒட்டல். சமவாய்ப்புக்கும் இலங்கை நண்பர்கள் சொல்லும் எழுமாற்றுக்கும் இடையே எனக்கு எழுமாற்றுதான் பிடிக்கிறது, சுருக்கமாக இருக்கிறது. 'எழுமாற்று அடுத்தடுத்த ஒட்டல்' என்று முன்மொழிகிறேன்.

கவரேஜுக்கு (coverage, மொத்த இடத்தில் துகள்கள் நிரப்பிய பங்கு) 'மூடற்பங்கு' என்று முன்பு எழுதியிருந்தேன். 'முடக்க மூடற்பங்கு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும். 'நிரப்புப் பங்கு' என்று மாற்றலாமா? ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் இந்தச் சொற்களைப் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.