பள்ளிக்கரணையில் பறவை பார்ப்பவர்களுக்கு: மாதத்தை விடுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

(நான்கு பேர் எழுதிய குறிப்புகள் இவை. தலைப்பில் உள்ள பறவைப் பெயர்கள் எழுதியவர்களின் புனைபெயர்கள்.)

இலைக்கோழி

சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு "எந்த மாதம் போகலாம்?" என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். கொசு உள்ளான் என்ற சின்னக் கரைப்பறவைக்கு ஈரச்சேறு போதும், மிஞ்சினால் இரண்டு மூன்று செ.மீ. தண்ணீர். நெட்டைக்கால் கொண்ட கருவால் மூக்கனும் பவளக்காலியும் சுமார் 15 செ.மீ. வரை இறங்கி மேயும். கவிழ்ந்து தலையை உள்ளே விட்டு மேயும் ஊசிவால் வாத்துக்கு முழங்கால் அளவு தண்ணீர் வேண்டும்.

அதனால்தான் வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த டிசம்பரில் சதுப்பு கடல் மாதிரி நிறைந்திருந்தும் உள்ளான்கள் கண்ணில் படாது. கரையோர மேடுகளில் ஒடுங்கியிருக்கும், அல்லது வேறு ஏரிக்குப் போயிருக்கும். ஜனவரிக் கடைசியிலிருந்து மார்ச் வரை நீர் வற்ற வற்றத் திட்டுத் திட்டாகச் சேறு தலைகாட்டும்போதுதான் அவை கூட்டமாக இறங்கும். மழைக்கு முந்தைய செப்டம்பரையும் விட்டுவிடாதீர்கள். முதலில் வந்து சேரும் வளர்ந்த பறவைகளின் உடலில் இனப்பெருக்கக் கால நிறம் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருக்கும். நவம்பரில் அது இருக்காது.

மீசை ஆலா

எண்ணுவது பற்றி. துரைப்பாக்கம்–பல்லாவரம் 200 அடிச் சாலை சதுப்பைக் குறுக்கே வெட்டிப் போகிறது. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்திருப்பதால் வடக்கே பார்த்து நின்றால் பகல் முழுக்க வெளிச்சம் முதுகுப் பக்கம் இருக்கும். தெற்கே பார்த்தால் எல்லாம் கறுப்பு நிழல். சாலையோரம் வண்டியை நிறுத்தாதீர்கள். அங்கே வண்டிகள் வருகிற வேகத்துக்கு அது ஆபத்து.

வாத்துக் கூட்டத்தை இரண்டு தடவையாக எண்ணுங்கள். முதலில் மொத்தம்: பத்துப் பறவைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்று கண்ணில் பிடித்துக்கொண்டு, அந்த அளவைக் கூட்டத்தின் மேல் நகர்த்திக்கொண்டே போங்கள். பிறகு டெலஸ்கோப்பில் நடுவிலும் ஓரங்களிலுமாக நூறு பறவைகளை இனம் பிரித்து, அந்த விகிதத்தை மொத்தத்துக்குப் போடுங்கள். ஓரத்தை மட்டும் பார்த்தால் கணக்கு தப்பும், ஏனென்றால் தட்டைவாயன் வாத்துகள் ஒரு பக்கமாகச் சேர்ந்து மேயும் பழக்கமுள்ளவை. உள்ளான்கள் ஒன்றன் பின் ஒன்று மறைந்து நிற்பதால் தரையில் எண்ணினால் எப்போதும் குறைவாகத்தான் வரும். சேற்றுப் பூனைப்பருந்து தாழப் பறந்து வந்தால் மொத்தக் கூட்டமும் எழும். சிறகில் பளிச்சென்று வெள்ளைப் பட்டையும் வாலில் கறுப்புமாகத் தெரிபவை கருவால் மூக்கன். எண்ண அதைவிட நல்ல நேரம் கிடையாது. அதற்காக நீங்களே கல்லெறிந்தோ டிரோன் விட்டோ கலைக்காதீர்கள். அப்படிச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள்.

இன்னொன்று: நவம்பரில் ஆண் வாத்துகளில் பலவும் பெட்டை மாதிரிப் பழுப்பாகத்தான் இருக்கும். நீலச்சிறகு வாத்தின் ஆணுக்கு அந்த வெள்ளைப் புருவம் முழுசாக வர ஜனவரி, பிப்ரவரி ஆகிவிடும். "ஆண் ஒன்றுகூட இல்லை" என்று குறித்துவிடாதீர்கள்.

நாமக்கோழி

தண்ணீர் அளவைப் பற்றி முதலில் எழுதியவர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளலாம். சதுப்பின் பெரிய ஆபத்தே அந்த அளவு கெட்டுப்போனதுதான். மேலேயுள்ள ஏரிகளின் உபரிநீர் இங்கே வந்து, ஒக்கியம் மடுவு என்ற வடிகால் வழியாக பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளம் முகத்துவாரத்தில் கடலைச் சேர வேண்டும். போகிற வழி ஒடுங்கிவிட்டது. பெருமழையில் தண்ணீர் வடியாமல் ஊருக்குள் ஏறுகிறது, 2015லும் 2023 டிசம்பரிலும் பார்த்தோம். கோடையில் நேர்மாறு: காய வேண்டிய இடத்தில் கழிவுநீர் விடாமல் வந்து தேங்குகிறது. ஆண்டு முழுக்க ஈரமும் கழிவுநீரின் சத்தும் கிடைத்தால் சம்புக்கு (நீரில் அடர்ந்து வளரும் உயரமான கோரை) வேறென்ன வேண்டும்? திறந்த நீரும் சேறும் இருந்த இடமெல்லாம் சம்புக்காடு ஆகிறது. உள்ளானுக்கு அங்கே வேலையில்லை.

சம்பை நீர்மட்டத்துக்கு மேலே அறுத்தால் சில வாரங்களில் திரும்பத் தழைக்கும். நீருக்கு அடியில் அறுத்து, வெட்டுவாய் பல வாரங்கள் மூழ்கியே இருக்கும்படி விட்டால் கிழங்குக்குக் காற்று போகாமல் அழுகும். அறுத்ததைக் கரையேற்ற வேண்டும், அங்கேயே போட்டால் மட்கி மறுபடி உரமாகும். மொத்தமாக வழித்துவிடவும் கூடாது, நீலத் தாழைக்கோழிக்கு அதுதான் வீடு.

2022இல் சதுப்பின் 1,247.54 ஹெக்டேர் ராம்சர் தலமானது, அதாவது உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரலில் சதுப்பை ஒட்டிய பெருங்குடி குப்பைக்கிடங்கு நாள்கணக்கில் எரிந்தது. காகிதத்தில் எல்லை போடுவது ஒன்று, அதற்கு வெளியிலிருந்து வரும் தண்ணீரையும் குப்பைச் சாற்றையும் காப்பது வேறு.

பொரி உள்ளான்

வெயில் ஏறி நீர் குறையும்போது கழுத்து தொங்கிய வாத்தைப் பார்த்தால் பாட்டுலிசமாக (பாக்டீரியா நச்சால் வரும் வாதநோய்) இருக்கலாம். முதலில் காலும் சிறகும் செயலிழக்கும், பிறகு கழுத்து நிற்காமல் தலை தண்ணீருக்குள் விழும். செத்த பறவையில் மொய்க்கும் புழுக்களில் நச்சு சேர்ந்திருக்கும். அந்தப் புழுவைத் தின்ற பறவையும் சாகும். ஆகவே பிணத்தை விட்டுவைக்கக் கூடாது. ஆனால் பறவைக் காய்ச்சலா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்ல முடியாது, வெறுங்கையால் தொடாதீர்கள். இடத்தின் ஜிபிஎஸ் குறிப்பு, எத்தனை பறவை, எந்த இனம், உயிருள்ளவை எத்தனை என்று வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ இருந்தால் படம் எடுத்துவிட்டு உடனே எழுதிவையுங்கள்: எந்தக் கால் (பறவையின் வலம், இடம்; உங்களுடையது அல்ல), மூட்டுக்கு மேலா கீழா, மேலிருந்து கீழாக நிற வரிசை, எழுத்து இருந்தால் அது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு அனுப்பலாம். சேறு அப்பிய கொடியில் வெள்ளையும் மஞ்சளும் ஒன்றுபோலத் தெரியும். பறவை காலைக் கழுவும்வரை காத்திருங்கள், இல்லையென்றால் "நிறம் உறுதியில்லை" என்றே போடுங்கள்.