நுரையீரலில் ஒன்று, நிணநீர்க் கணுவில் வேறொன்று: அப்பாவுக்கு இரண்டு புற்றுநோய்களா?

தோ பாயோ மகள்:
வணக்கம். 71 வயதான என் அப்பாவின் வலது நுரையீரலில் 3 சென்டிமீட்டர் கட்டி இருப்பதும், மூச்சுக்குழாயை ஒட்டிய நிணநீர்க் கணுக்கள் வீங்கியிருப்பதும் பெட் ஸ்கேனில் தெரிந்தன. நோய் கணுக்களுக்குப் பரவியிருக்கலாம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் திசுப் பரிசோதனையில், நுரையீரலில் இருப்பது அடினோகார்சினோமா என்னும் நுரையீரல் புற்றுநோய் என்றும் கணுவில் இருப்பது ஃபாலிக்குலர் லிம்ஃபோமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய் என்றும் வந்திருக்கிறது. "ஒன்றையே தாங்க முடியவில்லை, இரண்டா?" என்று அம்மா அழுகிறார். எதற்கு முதலில் சிகிச்சை அளிப்பார்கள்?

ஆய்வுக்கூட ஊழியர்:
சகோதரி, நோய்க்கூறியல் ஆய்வுக்கூடத்தில் பல ஆண்டுகள் பணியாற்றியவன் என்பதால் எழுதுகிறேன். பெட் ஸ்கேன் சர்க்கரையை மிகுதியாக உறிஞ்சும் இடத்தைக் காட்டுமே தவிர, அங்கே இருப்பது எந்த நோய் என்று சொல்லாது. காசநோய் கண்ட கணுவும் அதில் ஒளிரும். அதனால் கணுவிலிருந்து தனியே திசு எடுத்தது மிகவும் நல்லது. நுரையீரல் அடினோகார்சினோமா பெரும்பாலும் டிடிஎஃப்-1 என்ற புரதத்தையும், ஃபாலிக்குலர் லிம்ஃபோமா சிடி20 என்ற புரதத்தையும் காட்டும். சாயமிட்டுப் பார்க்கும்போது இரண்டும் வெவ்வேறு வகை உயிரணுக்களில் பிறந்தவை என்பது தெளிவாகிவிடும். இரண்டையும் தனித்தனிப் புற்றுநோய்களாகக் கொள்ள, ஒன்று மற்றொன்றின் பரவலாக இருக்கக் கூடாது என்ற அளவுகோலை வாரன், கேட்ஸ் என்னும் இருவர் 1932ஆம் ஆண்டிலேயே வகுத்தார்கள்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கணுவில் இருப்பது நுரையீரலிலிருந்து பரவியதல்ல என்றால், நுரையீரல் நோய் நினைத்ததைவிட ஆரம்ப நிலையில் இருக்கலாம், அறுவைச் சிகிச்சைக்கும் வழி பிறக்கலாம். ஆயினும், ஒரு கணுவில் லிம்ஃபோமா இருப்பதாலேயே மற்றக் கணுக்களில் நுரையீரல் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. எந்தெந்தக் கணுக்களில் ஊசி செலுத்தித் திசு எடுத்தார்கள் என்று கேளுங்கள்.

ஈசூன்வாசி:
என் அண்ணனுக்கும் இதே நிலை வந்தது. நெஞ்சக அறுவை மருத்துவரும் இரத்தநோய் மருத்துவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசி, வேகமாக வளரக்கூடிய நுரையீரல் கட்டியை முதலில் அகற்றினார்கள். ஃபாலிக்குலர் லிம்ஃபோமா பெரும்பாலும் மெதுவாக வளர்வது. தொந்தரவு தராதவரை மருந்தின்றிக் கண்காணிப்பதும் உண்டு. பின்னர் ரிட்டுக்சிமேப் என்ற லிம்ஃபோமா மருந்தைக் கொடுக்க நேர்ந்தால், அதற்கு முன்பே ஹெப்பட்டைட்டிஸ் பி என்னும் கல்லீரல் கிருமிக்கான சோதனை அவசியம், ஏனெனில் அம்மருந்து உறங்கிக் கிடக்கும் கிருமியை எழுப்பிவிடக்கூடும். செலவைப் பற்றி மருத்துவச் சமூக சேவையாளரிடம் இப்போதே பேசுங்கள். இரண்டும் தனித்தனிப் புற்றுநோய்கள் என்பதை மெடிஷீல்ட் லைஃப் என்ற சிங்கப்பூர் மருத்துவக் காப்புறுதிக்கான கோரிக்கையில் மருத்துவர் குறிப்பிட வேண்டும்.

தோ பாயோ மகள்:
இருவருக்கும் நன்றி. அறிக்கையை மீண்டும் படித்தேன். ஒரே ஒரு கணுவிலிருந்துதான் திசு எடுத்திருக்கிறார்கள். செவ்வாய்க்கிழமை மருத்துவரைப் பார்க்கும்போது முதல் கேள்வி அதுதான்.